சட்டத்துக்குள் அடங்கிய ஏழு பேர்

கோணக்கரைக்காரர்கள் கபடியில் கோப்பை வாங்கினார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். எதிர் அணி வந்த வேன் வழியில் பஞ்சராகி நின்றுவிட்டது, அதனால் வாங்கினார்கள். வெற்றியைப் படம் பிடித்து மன்றத்தில் மாட்ட முடிவானதும், முதல் வேலையாகக் கண்ணாடி போட்ட சட்டம் ஒன்றை வாங்கினார்கள். பிள்ளை பிறக்குமுன் பேர் வைக்கிற ஊர் அது. சட்டம் நல்ல சதுரம். எப்படித் திருப்பி மாட்டினாலும் தப்பாகாதாம்.

பிறகு ஏழு பேரும் ஸ்டுடியோவில் வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் நின்றவன் ஒச்சப்பன். பாவம், அவன் எந்தப் படத்திலும் முழுசாக விழுந்ததே இல்லை. சொந்தக் கல்யாணப் படத்திலேயே முழங்கை மட்டும்தான் இருக்கிறது. இந்தத் தடவையாவது முகத்தைக் காட்டுவதாகப் பெண்டாட்டி சிட்டம்மாளிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

“எட்டுக்குப் பன்னெண்டா, பன்னெண்டுக்குப் பதினெட்டா?” என்று படத்தின் அளவைக் கேட்டார் ஸ்டுடியோக்காரர் தேவசகாயம்.

“எட்டுக்கே வந்துர்றோம்ணே. பன்னெண்டுன்னா வெயிலு ஏறிரும்,” என்றான் கேப்டன் வீரணன்.

மறுநாள் காலை எட்டுக்குப் போய் நின்றார்கள். தேவசகாயம் படத்தைச் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தார்.

“படம் அகலமா இருக்கு. சட்டத்துக்குள்ள அடங்கணும்னா ஓரத்துல நிக்கிற ஆளை வெட்டித்தான் ஆகணும்,” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஒச்சப்பன் கழுத்தைத் தடவிக்கொண்டே வீரணனுக்குப் பின்னால் ஒளிந்தான்.

“சட்டத்துலயே அப்படி இருக்கா?” என்று கேட்டான் பெருமாயன்.

“இல்லாமலா சொல்றாரு? படிச்சவருடா,” என்றான் வீரணன்.

“அந்தச் சட்டத்தை மாத்த முடியாதாண்ணே?” என்றான் ஒச்சப்பன்.

“அதுக்கு டெல்லியில எல்லாரும் கை தூக்கணும். இந்நேரத்துக்கு அங்க யாரு எந்திரிச்சிருப்பா?” என்றான் வீரணன்.

பெருமாயன் இளகின மனசுக்காரன். “வெட்டத்தான் வேணுமா? லேசாக் கீறிவிட்டாப் போதாதா?” என்றான்.

வீரணன் விரல்விட்டு ஆட்களை எண்ணினான். “சட்டம்னா சட்டம்தான். ஆனா அடுத்த மேட்சுக்கு ஆள் கொறையுமே,” என்றான்.

தேவசகாயம் திரும்பி வந்ததும் ஒச்சப்பன் அவர் காலில் விழுந்தான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஓரத்துல நின்னாத்தானப்பா வெட்டணும்? நடுவுல வந்து நில்லு, இன்னொண்ணு எடுத்துருவோம்,” என்றார்.

ஒச்சப்பன் நடுவுக்கு ஓடினான். இப்போது ஓரத்தில் நின்றவன் பெருமாயன். அவனுக்கும் உயிர் வெல்லம்தானே, அவனும் நடுவுக்கு வந்தான். இப்படியே எல்லோரும் நடுவுக்கு வந்து, ஒருவன் பின்னால் ஒருவனாக நின்றார்கள். தள்ளுமுள்ளில் ஒச்சப்பன் கடைசிக்குப் போய்விட்டான். தேவசகாயம் பெருமூச்சு விட்டு பட்டனை அமுக்கினார்.

படம் சட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. அதில் வீரணன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான்.

“நான் எங்கண்ணே?” என்றான் ஒச்சப்பன், அழுகிற குரலில்.

“நீ கடைசியில நிக்கிற. முன்னாடியிருந்து பாத்தா எப்படித் தெரிவ?” என்றான் வீரணன்.

நியாயமான பேச்சுதான். கோணக்கரைக்காரர்கள் ஒருவன் மனசையும் நோகவிட மாட்டார்கள். படத்தை வெளியே எடுத்து, பின்பக்கம் தெரியும்படி திருப்பிப் போட்டு மாட்டினார்கள்.

ஒச்சப்பன் சிட்டம்மாளை அழைத்து வந்து காட்டினான். அவள் அந்த வெள்ளைக் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

“முதுகுதான் தெரியுது,” என்றாள். “ஆனாலும் சட்டை என்னமா வெளுத்திருக்கு பாத்தீகளா? நான் தொவச்சது.”