காளைக்கன்றும் கடலைப்பாலும்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிறு குலுங்கும் சிரிப்பு. ஆனால் இப்போது கிடையாது. முதலிலேயே கொடுத்துவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். பாவம், சிவக்கொழுந்து தனியாகக் கிடந்து பயப்படுவார். கொஞ்ச நேரம் அவரோடு சேர்ந்து பயப்படுங்கள்.

சிவக்கொழுந்து ஓய்வுபெற்ற வக்கீல். காங்கேயம் பக்கம் ஒரு சின்ன மடத்தில் சீடராகச் சேர்ந்திருந்தார். குருவுக்கு வயது குறைவு. வக்கீலுக்கு மகன் மாதிரி இருப்பார். ஊரில் மைனாச்சாமி என்பார்கள். யார் குரலானாலும் அப்படியே பேசிக் காட்டுவார். தபால்காரர் குரலில் ஆசி சொல்வார். பஸ் கண்டக்டர் குரலில் வேதாந்தம் சொல்வார். அவருடைய சொந்தக் குரல் எதுவென்று மடத்தில் யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் வக்கீல் காப்பி டம்ளரோடு சாமி முன்னால் வந்து நின்றார். காப்பியில் ஆடை கட்டியிருந்தது.

"சாமி, ஒரு சந்தேகம்."

"சீக்கிரம் கேளுங்க. ஆறிப்போச்சு."

"இன்னிக்குப் பால் கறக்கிறதைப் பார்த்தேன். கன்னுக்குட்டியை ஊட்ட விட்டாங்க. மடி சுரந்ததும் அதை இழுத்துத் தாயோட காலுக்குப் பக்கத்துல கட்டிட்டாங்க. வாயெல்லாம் நுரையோட பார்த்துக்கிட்டே நிக்குது, சாமி. எனக்கு இது தொண்டையில இறங்கலை."

"அப்போ வேற பால் குடிங்க."

"அதையும் யோசிச்சேன். பாதாம் பால்னா அந்த மரத்துக்குத் தண்ணி ஏகமா வேணுமாம். சோயான்னா எங்கேயோ காட்டை வெட்டறாங்களாம். ஓட்ஸ் பால் டப்பாவுல அடைச்சுக் கடல் தாண்டி வருது. தேங்காய்ப்பால்னா, மரம் ஏறுறவன் கால் வழுக்கினா என்ன ஆகும்? எதைக் குடிச்சா பாவம் ஒட்டாது?"

சாமி கோர்ட்டு டவாலி குரலில் கூவினார். "சிவக்கொழுந்து! சிவக்கொழுந்து! சிவக்கொழுந்து!"

வக்கீல் பழக்கதோஷத்தில் விறைத்து நின்றார்.

"வழக்கு உங்களுது. தீர்ப்பும் நீங்களே சொல்லுங்க. என்ன சொன்னாலும் மடம் கேட்டுக்கும்."

அன்றோடு வக்கீலின் தூக்கம் போயிற்று. காலமெல்லாம் ஒரு பக்கம் மட்டும் வாதாடியவர். இப்போது இரண்டு பக்கமும் அவரே பேசி, மேலே ஏறி உட்கார்ந்து அவரே கேட்கவும் வேண்டியிருந்தது. தப்பாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டால் மடமே அல்லவா பாவத்தைக் குடிக்கும்?

கடைசியில் கடலைப்பால் என்று தீர்ப்பானது. பக்கத்துக் காட்டிலேயே, வானம் பார்த்த மண்ணில் விளைகிற கடலை. ஊறவைத்து ஆட்டிப் பிழிந்தால் பால். யாருக்கும் நோவில்லை.

"யாருக்கும் நோவில்லீங்களா?" என்று கேட்டாள் சமையல்கார பாவாயி. மாவு அப்பிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "மாட்டுக்கு நோகுமுன்னு என்னையல்லங்க ஆட்டாங்கல்லுல போட்டு ஆட்டறீங்க!"

"மிக்சி வாங்கித் தர்றேம்மா."

"வாங்குங்க. கரண்டையும் சேர்த்து வாங்கியாங்க."

முதல் நாள் கடலைப்பால் காப்பி திரிந்துபோய், தெளிவு மேலே, கட்டி கீழே என்று கிடந்தது. சாமி ஒரு மிடறு குடித்தார்.

"நல்லாயிருக்கு."

"நிஜமாவா சாமி?"

"சூடு நல்லாயிருக்கு."

பால் வழக்கு முடிந்தது. அடுத்து மயிலை. மயிலை என்பது மடத்துப் பசு. அதன் பால் வேண்டாமென்று சொல்லியாயிற்று. பிறகு அதைக் கட்டிப்போட்டிருப்பது என்ன நியாயம் என்று வக்கீலுக்கு அரிக்க ஆரம்பித்தது. வழக்கே இல்லாத ஆளைக் காவலில் வைத்த மாதிரி அல்லவா இது? தரகர் நாச்சப்பனுக்குப் போனில் மெசேஜ் அனுப்பினார்.

"நாளைக்குக் காலையில வண்டி வருது, சாமி. தாய்க்கும் கன்னுக்கும் விடுதலை."

"விடுதலையாகி எங்கே போகும்?"

"நல்ல இடமாப் பார்த்து விட்டுடறேன்னு தரகர் மெசேஜ்ல சொன்னார்."

"சொன்னாரா?" என்றார் சாமி.

அந்த ஒரு வார்த்தையை அவர் யார் குரலிலும் சொல்லவில்லை.

விடிந்தது. கன்றைத் தாயிடம் ஊட்ட விடுவதற்காக வக்கீல் தொழுவத்துக்குப் போனார். முடிச்சில் கை வைத்திருப்பார், அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. சந்தையே திரும்பிப் பார்க்கும் தரகர் நாச்சப்பனின் கணீர்க் குரல். யாரிடமோ போனில் பேசுவது போலிருந்தது.

"ஆமாங்க, மடத்து மாடுதானுங்க. நல்ல மாடுங்க, அதுக்கு ஆளு இருக்குதுங்க... கன்னுங்களா? காளைக்கன்னுங்க. இந்தக் காலத்துல காளைய வெச்சு ஆருங்க உழுகறாங்க? அது வேற வண்டிங்க, அடிமாட்டு வண்டிங்க. பொழுது சாய எல்லை தாண்டீருமுங்க... வக்கீலுங்களா? அவரு ஒண்ணும் கேக்க மாட்டாருங்க. அவருக்குப் பாவம் ஒட்டாம இருந்தாச் செரிங்க."



வக்கீல் எட்டிப் பார்க்கக்கூட நிற்கவில்லை. கயிற்றை அவிழ்த்தார். கன்றைத் தாயிடம் விடாமல், தரதரவென்று இழுத்துக்கொண்டு, கடலை மூட்டை அடுக்கிய அறைக்குள் நுழைந்து கதவைத் தாழ் போட்டார்.

உள்ளே இருட்டு. கன்று "ம்மா" என்றது.

"ஸ்ஸ்! வெளியே கேட்டுடும்டா!"

கன்று தலையால் அவர் வயிற்றை முட்டியது. இன்னொரு தரம் முட்டியது. அவர் விரலைக் கவ்விச் சப்பியது. துண்டு நுனியைச் சப்பியது. மறுபடியும் முட்டியது.

"பயப்படாதே கண்ணு, நான் இருக்கேன்" என்று அதைக் கட்டிக்கொண்டார். அது நடுங்குகிறதா, தான் நடுங்குகிறோமா என்று அவருக்குத் தெரியவில்லை. தொழுவத்தில் மயிலை கதறியது. அதுவும் அந்தக் குரலைக் கேட்டிருக்கும் என்று நினைத்தபோது வக்கீலுக்குக் கண் கலங்கிவிட்டது. நான்தானே வண்டியை வரச் சொன்னேன்? எங்கே போகிறது, யாரிடம் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் புலி என்று பெயர் வாங்கியவன்!

கதவு இடிபட்டது.

"வக்கீலய்யா! உள்ள என்னங்க பண்றீங்க? ஊறப்போடக் கடலை வேணுமுங்க!" பாவாயி.

"நான் இங்கே இல்லை!"



"செரிங்க. வந்த பொறவு கடலைய எடுத்துக் குடுங்க."

அப்போதுதான் வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடிய சத்தம். வக்கீல் எழுந்தார். இனி ஒளிந்து பயனில்லை. கன்றின் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, தாழை நீக்கி வெளியே வந்தார். அரையில் வேட்டி, தலையில் கடலைத் தொலி, முகத்தில் பழைய கோர்ட்டுக் களை.

முற்றத்தில் தரகர் நாச்சப்பன் தோளில் துண்டோடு நின்றார். தண்ணீர்த் தொட்டி விளிம்பில் சாமி உட்கார்ந்து திரிந்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"நாச்சப்பன்! கன்னு வராது. மாடும் வராது. வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போங்க!"

நாச்சப்பன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"நடிக்காதீங்க! தொழுவத்துக்குப் பின்னாடி நின்னு நீங்க பேசினது ஒவ்வொரு வார்த்தையும் என் காதுல விழுந்துச்சு!"

நாச்சப்பன் கையை விரித்தார். வண்டியைக் காட்டினார், தன் தொண்டையைக் காட்டினார், வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஏனுங்கய்யா, அவரெங்கீங்க பேசறது?" என்றாள் பாவாயி. "சந்தையில கத்திக் கத்தித் தொண்டை கட்டி ஒரு வாரம் ஆச்சுங்க. ஏவாரமெல்லாம் துண்டுதானுங்க."

உண்மைதான் என்பதுபோல நாச்சப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையின் மேல் போர்த்தினார். அந்தப் பக்கத்து மாட்டுச் சந்தையில் அப்படித்தான். விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தால் எல்லாம் முடிந்துவிடும். துண்டு மூடிய கையை வக்கீலிடம் நீட்டினார்.

வக்கீல் அந்தக் கையைத் தொடவில்லை.

"அப்போ இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இந்தக் காளைக்கன்னை எங்கே கொண்டுபோவீங்க?"

துண்டுக்கு அடியில் ஒரு விரல்கூட அசையவில்லை. நாச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வக்கீல் முகத்தைப் பார்க்காமல் வண்டிப் பக்கம் நடந்தார். வண்டி கிளம்பிப் போயிற்று.

புழுதி அடங்கிற்று. மயிலை இன்னும் கதறிக்கொண்டிருந்தது. கன்று வக்கீலின் முழங்காலை முட்டியது.

வக்கீல் அதைக் கவனிக்கவில்லை. அவர் புருவம் மெல்லச் சுருங்கியது. ஒரு வாரமாய் அந்த ஆளுக்குக் குரல் இல்லை. அப்படியானால் சுவருக்குப் பின்னால்...

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"சாமி... அது..."

சாமி டம்ளரைக் கீழே வைத்தார். சந்தையே திரும்பிப் பார்க்கும் கணீர்க் குரலில் சொன்னார்:

"ஏனுங்க வக்கீலய்யா, கன்ன அவுத்து உடுங்க. விடிஞ்சதுல இருந்து அது இன்னும் பால் குடிக்கலீங்க."