கூடுமானவரை

மலைச்சரிவில் இருந்த ஒரு குங்கிலிய மரத்தின் பொந்துக்குள் பெண் இருவாச்சி அடைந்து கிடந்தது. முட்டையிடும் காலத்தில் இருவாச்சிகளின் வழக்கம் அது. பெண் உள்ளே போய் வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசிவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும். உள்ளே அதன் சிறகுகள் உதிர்ந்துவிடும். மறுபடி முளைக்கும்வரை ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்டவேண்டும்.

அந்த வருஷம் ஆண் இருவாச்சிக்குப் பழத்தைவிடப் பெரிய கவலை இருந்தது. கொம்பன் யானை மரங்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. தள்ளியதை ஆற்றில் உருட்டிவிட்டால் அக்கரை மனிதர்கள் கரும்பு கொடுத்தார்கள். யானைக்குக் கரும்பு. பேரம் பேசிய நரிக்குக் கோழி.

பொந்தை இழந்த ஆந்தைகளும் மரநாய்களும் கத்தத் தொடங்கியதும் நரி ஒரு கூட்டம் போட்டது. கூட்டம் முடிந்து ஆண் இருவாச்சி சந்தோஷமாகப் பறந்து வந்தது.

“நல்ல சேதி,” என்றது, கீறலருகே தொற்றியபடி. “நெறி போட்டாச்சு. ‘பொந்துள்ள மரங்களைக் கூடுமானவரை தள்ளலாகாது.’ கொம்பரே தலையாட்டிட்டார்.”

“கூடுமானவரைன்னா?”

“கூடு இருக்கிறவரைன்னு அர்த்தம். நம்ம கூட்டைப் பேர் சொல்லியே போட்டிருக்காங்க.”

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லல. எனக்கே புரிஞ்சுது.”

“புரிஞ்சு கிழிச்சீங்க. முடிஞ்சா தள்ளாம இருக்கோம்னு அர்த்தம் அதுக்கு. முடியலைன்னு தள்ளிட்டா என்ன பண்ணுவாங்க? கேட்டீங்களா?”

ஆண் இருவாச்சி இறக்கையைக் கோதிக்கொண்டது. “அது எப்படிக் கேக்குறது? அவரா மனசு வந்து ஒத்துக்கிட்டிருக்கார். தண்டனை அது இதுன்னு பேசினா அந்த மனசு கசந்துடும்னு நரி சொல்லிச்சு.”

“கசக்கட்டுமே. உள்ள கிடக்கிறது நானும் குஞ்சும். நீங்க இல்ல.”

ஆண் இருவாச்சிக்குச் சுருக்கென்றது. நாளை கேட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டது. விடிந்து அத்திப் பழத்தோடு திரும்பியபோது குங்கிலிய மரத்தின் கீழே யானை நின்றது. பக்கத்தில் நரி.

“கொம்பரே, உள்ளே என் பெண்சாதி இருக்கா. குஞ்சுக்கு இன்னும் கண்ணே திறக்கல. நீங்க ஒத்துக்கிட்டீங்களே.”

“நானா? எப்போ?”

“கூட்டத்துல தலையாட்டினீங்க.”

“நான் பொழுதன்னைக்கும் தலையாட்டுறவன்பா,” என்றது யானை. “சும்மா நின்னாலும் ஆடும்.”

நரி குறுக்கே வந்தது. “கொம்பர் கூடுமானவரை பார்த்தார், தம்பி. சரிவுல வேற பெரிய மரம் இல்ல. இனிமே கூடல.”

“அடுத்த மலையில இருக்கே.”

“அவ்வளவு தூரம் நடந்தா கால் வலிக்கும். கால் வலிக்க நடக்கணும்னு நெறியில இல்லையே.”

இருவாச்சி யானையின் காதைக் கொத்தியது. நெற்றியைக் கொத்தியது. யானை காதை ஒருமுறை விசிறியது. பறவை போய்ப் புதரில் விழுந்தது. எழுந்து வருவதற்குள் மரம் முறியும் சத்தம் கேட்டது.

பூச்சு உடைந்து பெண் இருவாச்சி ஊர்ந்து வெளியே வந்தது. குஞ்சு வரவில்லை. சிறகில்லாத உடம்போடு தாய் மண்ணில் உட்கார்ந்திருந்தது. ஆண் பக்கத்தில் போய் நின்றது.

“என்னைப் பார்த்துக்கிட்டு நிக்காதீங்க,” என்றது பெண். “நேத்து கேக்காததை இப்பவாவது போய்க் கேளுங்க.”

மறுபடி கூட்டம் கூடியது. ஆண் இருவாச்சி நடுவில் போய் நின்றது. “என் குஞ்சு செத்துப்போச்சு. தள்ளினவருக்கு என்ன தண்டனை?”

மான்கள் தரையைப் பார்த்தன. மரநாய்கள் ஒன்றின் முதுகில் ஒன்று பேன் பார்த்தன. நரி தொண்டையைச் செருமிக்கொண்டது.

“தம்பியோட துக்கம் நம்ம எல்லாருக்கும் துக்கம். நெறி போதலைங்கிறது வாஸ்தவம். திருத்திடுவோம். பொந்துள்ள மரத்தைத் தள்ள நேர்ந்தால், வருத்தத்துடன் தள்ளவேண்டும். சரிதானே?”

யானை எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. மான்கள் தலையாட்டின. மரநாய்கள் தலையாட்டின. போன மாதம் பொந்தை இழந்த ஆந்தையும் தலையாட்டியது.

“எனக்குச் சம்மதமில்லை,” என்றது இருவாச்சி.

“சம்மதமில்லாதவங்க விலகிக்கலாம்,” என்றது நரி. “இங்க எதுவுமே கட்டாயம் இல்ல.”

அடுத்த நாள் காலையில் கொம்பன் ஆந்தை குடியேறியிருந்த புது மரத்தை வருத்தத்துடன் தள்ளியது.

மீறினால் என்ன ஆகும் என்று சொல்லாத விதி, மீறுகிறவனுக்கு மட்டுமே காவல்.