ஏழு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு தராசும்

பாளையங்கோட்டைக் குற்றாலிங்கம் அண்ணாச்சி பொய் சொல்லுகிறவர் என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. உண்மையை இட்லி மாவு மாதிரி கொஞ்சம் பொங்கவிட்டு எடுப்பார், அவ்வளவுதான். பண்டகசாலையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷத்துக்கு முன்னால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாமான் பொறுக்கித் தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டர் கோத்தார். அதன்பிறகு, தெரிந்தவர்கள் யார் புது மிஷின் வாங்கினாலும் கழற்றிப் போட்ட பழைய ஹார்ட் டிஸ்க் அண்ணாச்சி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இப்போது ஏழு. நாலு டிஸ்க் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே. இடம் கிடைக்காத மூன்றும் முக்காலி மேல் சோப்பு டப்பாவில் உட்கார்ந்து, பட்டை ஒயரால் பெட்டியோடு கோத்துக்கொண்டு கடகடத்தன.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் வீடு ஒழிக்கிற சாக்கில், அவர் மனைவி உலகம்மாள் பழைய இரும்பு வாங்குகிற மீரானை வாசலிலிருந்து கூப்பிட்டுவிட்டாள். ஓட்டைக் குக்கர், கட்டில் கால், நெளிந்த தாம்பாளம் எல்லாம் சாக்குக்குள் போயின. அடுத்து அவள் விரல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியது. அந்த இரும்புக்கு இந்த வருஷமும் சந்தனம் குங்குமம் வைக்க என்னால் ஆகாது, ஏழு டிஸ்க்கையும் பேரீச்சம்பழத்துக்குப் போடப் போகிறேன் என்றாள்.

அண்ணாச்சி பெட்டிக்கு முன்னால் போய் மறித்து நின்றார். ரிட்டயரான பிறகு உலகத்தில் அவர் சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன் அந்தப் பெட்டிதான்.

"அதால ஆன ஒரு பிரயோஜனத்தைச் சொல்லுங்க. நான் நம்புத மாதிரி சொல்லுங்க. வச்சுக்கிடுங்க," என்றாள் உலகம்மாள்.

தராசோடு மீரான் நின்றான். பேப்பர் வாங்க வந்த பக்கத்து வீட்டு எபனேசர் சாரும் நின்றார். பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்தியவர், ஒரு வார்த்தையைச் சும்மா போகவிட மாட்டார். ஆள் சேர்ந்ததும் அண்ணாச்சிக்குத் தெம்பு வந்துவிட்டது.

முதலில் சின்னதாகத்தான் ஆரம்பித்தார். ஒரு ஐப்பசியில் பன்னிரண்டு நாள் வெயிலே தலைகாட்டவில்லையாம். தெருவில் அத்தனை வீட்டு வத்தலும் அந்த இருபது ஜிபி டிஸ்க் சூட்டில்தான் காய்ந்ததாம். பன்னிரண்டாம் நாள் கொஞ்சம் அசந்துவிட்டார், வத்தல் காய்ந்து, தானே பொரிந்தும் விட்டதாம். அந்த வருஷம் வத்தல் கடையில் வாங்கியது என்று உலகம்மாள் ஒரே வரியில் முடித்தாள்.

அண்ணாச்சி அசரவில்லை, அடுத்த டிஸ்க்குக்குத் தாவினார். அதில் ஒரு தடவை ஒரு ஃபைலைக் காப்பி போட்டாராம். முடிய இன்னும் பதினோரு வருஷம் நாலு மாசம் ஆகும் என்று திரையில் காட்டியதாம். வேறு ஆளாக இருந்தால் அணைத்திருப்பான். இவர் காத்திருந்தார். நடுவில் மகளைக் கட்டிக்கொடுத்தார், வீடு மாறினார், லோடு ஆட்டோவிலும் அது ஓடிக்கொண்டேதான் வந்தது. சொன்ன தேதியில் சொன்ன நிமிஷத்தில் முடிந்ததாம்.

பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூடக் கரண்ட் போகவில்லையா என்று எபனேசர் சார் கேட்டார்.

"போச்சு சார். கரண்ட்தான் போச்சு, டிஸ்க் நிக்கலையே. அது சுத்துன வேகத்துல ஒயர் வழியா கரண்ட் திரும்பிப் பாஞ்சு, தெரு பூரா மூணு நாள் ஃபேன் ஓடுச்சு. என்ன, எல்லாம் தலைகீழாச் சுத்துச்சு. காத்து மேல போச்சு."

இது ஆற்றல் அழிவின்மை விதிக்கே விரோதம் என்று சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அந்த விதி புது டிஸ்க்குக்கு என்று அண்ணாச்சி அவரைச் சமாதானப்படுத்தினார்.

பிறகு எங்கே நிறுத்துவது? ஏழையும் ஒன்றாக ஓடவிட்ட அன்றைக்கு வீடே அதிர்ந்து அதிர்ந்து கிழக்கே ரெண்டடி நகர்ந்துவிட்டதாம். சர்வேயர் வந்து அளந்து பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் டீ மட்டும் குடித்துவிட்டுப் போனாராம்.

"அப்போ உங்க வீடு ரெண்டடி என் காம்பவுண்டுக்குள்ள வந்திருக்கா?" என்றார் எபனேசர் சார்.

"மீரான், தராசைத் தூக்கு," என்றாள் உலகம்மாள்.

மீரான் முக்காலியிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து உள்ளங்கையில் எடை பார்த்தான். இத்தனை பெரிய சரக்கெல்லாம் இறக்கியும் ஒன்றும் விலை போகவில்லையே என்று அண்ணாச்சிக்கு மனது கிடந்து அடித்துக்கொண்டது. கடையில் இதை என்னப்பா செய்வீர்கள் என்று ஈனக் குரலில் கேட்டார். போட்டுப் பார்ப்போம், ஓடுகிறதை விற்போம், ஓடாததை உடைப்போம் என்றான் மீரான். அவன் கடை பேட்டையில். அண்ணாச்சியின் அக்கா வீட்டுக்கு நாலு கடை தள்ளி.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, கொண்டு போ. ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். இதுல ஏழாவது டிஸ்க்கை மாட்டின அன்னைக்கு அக்கா வந்திருந்தா. அவ பஸ் ஏறினதும் உலகு அடுப்படியில நின்னு அவளைப் பத்தி நாப்பது நிமிஷம் பேசினா. நான் மைக்கை டெஸ்ட் பண்ணிக்கிட்டிருந்தேன். அத்தனையும் பதிஞ்சுபோச்சு. அழிக்க மறந்துட்டேன்."

எபனேசர் சார் கழற்றிய கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

உலகம்மாள் முகம் வெளிறியது. அன்றைக்குத் தான் என்னென்ன சொன்னோம் என்று அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது போலிருக்கிறது.

"எதுல இருக்கு?"

"அதுதான் தெரியலை. ஏழுல ஒண்ணு."

அவள் மீரான் கையிலிருந்த டிஸ்க்கை வெடுக்கென்று பிடுங்கினாள். முந்தானையால் துடைத்துச் சோப்பு டப்பாவில் திரும்ப வைத்தாள். பொட்டு வைக்கிற சாமானில் யாராவது கைவைப்பார்களா என்று மீரானுக்கு ஒரு டோஸ் விட்டுவிட்டு, விறுவிறு என்று உள்ளே போய்விட்டாள்.

சாக்கை வண்டியில் ஏற்றும்போது மீரான் அண்ணாச்சியின் காதருகே குனிந்தான்.

"அண்ணாச்சி, அந்த நாப்பது நிமிஷத்தை ஒருநாள் எனக்கும் போட்டுக் காட்டணும்."

அண்ணாச்சி வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எங்கப்பா போட? பதிஞ்சாத்தான போட! சவுண்ட் கார்டே கிடையாதே. பொறந்ததுலேருந்து அது ஊமைலா."