பச்சையில நிக்குத முள்ளு

ஏ ஜெபமணி, கூடைய அந்தப் பக்கம் தள்ளிவச்சிட்டு உக்காரு. வாயில போட்ட வெத்தலைய மென்னு முடி, பேச்ச நாளைக்கு வச்சிக்க. நடுவுல குறுக்க பேசுனா கதையும் தெரசம்மா வேன் மாதிரி ரோட்டுல நின்னுபோகும்.

தெரசம்மா வேன்னா, கடற்கரையிலருந்து மீன்காரப் பொம்பளைகளச் சந்தைக்கு ஏத்திட்டுப் போற கெழட்டு வேன். கதவச் சாத்துனா ஜன்னல் தொறக்கும். காலையில வண்டி கெளம்புததுக்கு முந்தி தெரசம்மா வாய் கெளம்பிரும். "ஏட்டி ஏறு! ஏட்டி நகரு! யாரு கூடைட்டி இது, மீனு வழியுதா, நீ வழியுதியா?"

அவகிட்ட வண்டி படிக்க வந்த சீடப்பிள்ளை சூசையண்ணன். அவளவிட மூத்தவரு. கடலு போதும்னு கரையேறுன மனுசன். ஒரு நாளைக்கு மூணு வார்த்த பேசுவாரு. அதுல ரெண்டு "ம்". மிச்சம் இருமல்.

போன வாரம் தெரசம்மா சந்தையில மயங்கி விழுந்துட்டா. டாக்டரு படுத்து ஓய்வெடுக்கச் சொன்னாரு. மறுநாளே வந்து ஸ்டியரிங்ல உக்காந்துட்டா. அன்னையிலருந்து சூசையண்ணனுக்கு அவ மேலதான் கண்ணு. பக்கத்து சீட்டுல இருந்து, ரோட்டப் பாக்காம அவ மூஞ்சியவே பாத்துட்டு வருவாரு. ஒரு நாள் வேன் ஓடிட்டிருக்கும்போதே கேட்டுட்டாரு.

"சாவியக் குடுங்க வாத்தியாரம்மா. கொஞ்ச நாள் நான் ஓட்டுதேன்."

"லைசன்ஸ் வாங்கிட்டா டிரைவராண்ணே? வண்டியோட சீக்கு தெரியணும்லா? பேட்டரி எப்படி இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

சூசையண்ணன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல இருந்த பேட்டரி மீட்டர எட்டிப் பாத்தாரு. முள்ளு பச்சையில, ராணுவக்காரன் மாதிரி நட்டமா நிக்குது.

"நல்லாருக்கு."

தெரசம்மா சிரிச்ச சிரிப்புல பின்னால ஒரு நண்டு கூடைய விட்டு எறங்கிருச்சு.

டீக்கடை ஓரமா ஒதுக்குனா. எஞ்சின அணைச்சா. "இப்ப?"

முள்ளு கொஞ்சம் எறங்குச்சு.

லைட்டப் போட்டா. முள்ளு இன்னும் வழுக்குச்சு.

"இப்ப சாவியத் திருப்புங்க."

கிர்ர்ர்... கிர்... கிக்!

முள்ளு பொத்துன்னு செவப்புல போயி விழுந்துச்சு. வண்டி கெளம்பல.

நெத்திலிக்காரி பிலோமி பின்னாலருந்து கத்துனா. "அடிப்பாவி! பாடம் நடத்த எங்க மீனுதானா கெடச்சுது? ஐஸு உருகுதுட்டி!"

எல்லாரும் எறங்கித் தள்ளுனாங்க. சூசையண்ணன்தான் முன்னால. வேன் ரெண்டு தும்மு தும்மிட்டு பட்டபட்டன்னு கெளம்புச்சு. முள்ளு மறுபடியும் பச்சையில, ஒண்ணுமே நடக்காத மாதிரி.

"பாத்தியளாண்ணே? ஓடும்போது முள்ளு காட்டுதது டைனமோ போடுத சோறு. பேட்டரிக்குச் சொந்த பலம் எவ்வளவுன்னு அணைச்சிட்டுப் பாக்கணும். கெளப்பும்போது பாக்கணும்."

"ம்."

சந்தை வந்துட்டு. கூடையெல்லாம் எறக்கியாச்சு. எஞ்சின அணைக்காமலே கூடமாட எறங்கித் தூக்குன தெரசம்மாவ பிலோமி உத்துப் பாத்தா.

"ஏட்டி, மூஞ்சி வெளுத்திருக்கே. ஒடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன கேடு? விடியக்காலத்துலருந்து ஓடிட்டுத்தான இருக்கேன், ஒனக்குக் கண்ணு தெரியலயா?"

சொல்லிக்கிட்டே வேன்ல ஏறப் போனவ, கதவுக் கம்பியப் புடிச்சிட்டு சித்த நேரம் அப்படியே நின்னா. பொறவு ஏறி உக்காந்தா. சூசையண்ணன் பாத்துட்டாரு.

ஜன்னல் வழியா கைய விட்டாரு. சாவியத் திருப்பி எஞ்சின அணைச்சாரு. உருவி சட்டைப்பையில போட்டுக்கிட்டாரு.

சத்தம் அடங்குச்சு. அப்பத்தான் தெரசம்மாவுக்கு மூச்சு வாங்குதது எல்லாருக்கும் கேட்டுச்சு.

"யண்ணே! அணைச்சிட்டியளே! மறுபடியும் தள்ளணும்லா!"

"அணைச்சாத்தான வாத்தியாரம்மா தெரியும்," ன்னாரு சூசையண்ணன். "தள்ளுததுக்கு நாங்க இருக்கோம்."