ஒரு நரி, நாற்பது பெயர்

ஒரு காட்டில், படம் இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது என்ற காலம் வந்துவிட்டது. தேன் விற்கும் கரடிக்குக் கடை வாசலில் தேன் படம் மாட்ட வேண்டும். கல்யாணம் வைத்த குருவிக்கு அழைப்பிதழில் ஒரு பூப் படமாவது போட வேண்டும். அதற்காக எல்லோரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? அதனால் ஆற்றங்கரையில் ஓர் ஆமை படக்கிடங்கு நடத்தியது.

படம் எடுப்பவர்கள் முன்கூட்டியே எடுத்து ஆமையிடம் கொடுத்து வைப்பார்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று கீழே ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டி, "எழுதியது உண்மை" என்று கால்தடம் வைக்க வேண்டும். தேனுக்கு ஓர் அடுக்கு, பூவுக்கு ஓர் அடுக்கு. புதிதாக வந்த படம் அடுக்கின் மேலே போகும். யாராவது வந்து கேட்டால், மேலே இருப்பதை எடுத்துச் சுருட்டி, நாரால் கட்டிக் கொடுத்துவிடும் ஆமை. படம் போனால் எடுத்தவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு.

ஆமை சீட்டைத்தான் படிக்கும். படத்தைப் பார்க்காது. அதற்கெல்லாம் கழுத்தை நீட்டுவானேன் என்று நினைத்ததோ என்னவோ.

அந்தக் காட்டில் படம் எடுத்துப் பிழைத்தவர்கள் இரண்டே பேர். தேவாங்குக்குப் பொறுமை அதிகம். நரிக்கு வாய் அதிகம்.

ஒரு நாள் காலை இளவெயிலில், தேவாங்கு கேமராக் கண்ணாடியை இலையால் துடைத்துவிட்டு, ஒரு பூசணிக்காயின் முன்னால் வெகுநேரம் படுத்துக் கிடந்தது. நரி அந்த வழியாக வந்தது.

"என்ன தேவாங்கு, காட்டில் மயில் இல்லையா, அருவி இல்லையா? போயும் போயும் பூசணிக்காயா?"

"மயில் படம் கிடங்கில் மலைபோல் கிடக்கிறது அண்ணே. போன வாரம் முயல் வந்து பூசணிப் படம் கேட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போய்விட்டது."

"அது சரி. பூசணியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாதிப் படத்தை வெறுமையாக விட்டிருக்கிறாயே, கை நடுங்கிவிட்டதா?"

"இல்லை அண்ணே. 'பூசணி கிடைக்கும்' என்று முயல் எங்கே எழுதும்? அந்த வெற்றிடத்தில்தான்."

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "படம் என்றால் பார்ப்பவர் மயங்க வேண்டும். நான் எடுக்கிறேன், பார்."

உச்சி வெயிலில் ஒரு பாறைமேல் ஏறி நின்று, கேமராவைத் தன் பக்கமே திருப்பி ஒரு படம் எடுத்தது. வெயிலில் கண் இடுங்கிப் போயிருந்தது. ஒரு காது படத்துக்கு வெளியே நின்றது. பின்னால் ஆறு ஒரேயடியாகச் சாய்ந்திருந்தது. துடைக்காத கண்ணாடியின் கறை மூக்கின் மேல் விபூதி பூசியதுபோல் விழுந்திருந்தது. நரிக்கு அதெல்லாம் தெரியவில்லை. தன் முகம் தெரிந்தது, அது போதும்.

"நரி" என்று சீட்டு ஒட்டிக் கிடங்கில் கொடுத்தது. ஒரு மாதம் ஆயிற்று. யாரும் கேட்கவில்லை.

"நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்று ஊரே சொல்கிறது. இந்தக் காட்டுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை" என்று நரி முணுமுணுத்தது. வயிறு வேறு ஒட்டிப் போயிருந்தது. கிடங்கு வாசலில் உட்கார்ந்து ஆமை வியாபாரம் செய்வதையே பார்த்தது. சட்டென்று அதற்கு மூளை வேலை செய்தது.

அன்றே அந்தப் படத்துக்கு நாற்பது நகல் போட்டது. ஒன்றில் "தேன்" என்று எழுதியது. ஒன்றில் "மல்லிகை" என்று எழுதியது. "மழை", "தாய்ப்பாசம்", "நேர்மை" என்று நகலுக்கொரு பெயராக எழுதிக்கொண்டே போனது. முப்பத்தொன்பதோடு பெயர் தீர்ந்துவிட்டது. பசியில் வாயில் வந்ததைக் கடைசிச் சீட்டில் எழுதியது: "கொழுத்த இளங்கறி". நாற்பதிலும் கால்தடத்தை அழுத்தி வைத்தது.

அதைப் பார்த்த தேவாங்கு பதறிப்போயிற்று. "அண்ணே, படத்தில் இல்லாததை எழுதாதீர்கள். ஒருமுறை ஏமாந்தவர் மறுபடி கிடங்குப் பக்கமே வரமாட்டார். என் பிழைப்பும் சேர்ந்து போய்விடும்."

"ஏமாறுகிறவன் இருக்கிறவரை ஏமாற்றுகிறவனும் இருப்பான். நீ போய்ப் பூசணிக்கு முன்னால் படு" என்றது நரி.

மறுநாள் கரடி தேன் படம் வாங்கிப் போயிற்று. கடை வாசலில் பிரித்து மாட்டியது. "தேன் கிடைக்கும்" என்ற பலகையின் மேல் நரி இளித்துக்கொண்டிருந்தது. கரடிக்குக் கண் பார்வை மட்டு, அதற்குத் தெரியவில்லை. வந்தவர்களுக்குத் தெரிந்தது. வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள்.

குருவி மல்லிகைப் படம் வாங்கியது. சுருளைக்கூடப் பிரிக்காமல் அழைப்பிதழ் அடிப்பவரிடம் கொடுத்துவிட்டது. அழைப்பிதழைப் பார்த்த உறவுக் குருவிகள், மாப்பிள்ளை யாரென்று தெரிந்துகொண்டு ஒன்றுகூடக் கல்யாணத்துக்கு வரவில்லை. மணப்பெண் தேம்பித் தேம்பி அழுதது.

விஷயம் தெரிந்ததும் இருவரும் ஆமையிடம் சண்டைக்குப் போனார்கள். "சீட்டில் எழுதியிருப்பதைத்தான் நான் தருவேன். எழுதியதற்குக் கால்தடம் வைத்தவரே பொறுப்பு" என்று சொல்லிவிட்டு ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

நரிக்குத் தினமும் சாப்பாடு வந்தது. தேவாங்கின் தேன் படமும் மல்லிகைப் படமும் அடுக்கின் அடியில் தூங்கின. பூசணிப் படம் ஒன்றுதான் விற்றது, அதுவும் பூசணி என்று எழுத நரிக்குத் தோன்றாததால். மற்ற நாளெல்லாம் தேவாங்கு வேலம்பிசினை மென்றுகொண்டு பசியோடு கிடந்தது.

அப்போது சிங்கராஜா பட்டமேற்ற நாள் வந்தது. சிறுத்தை காடெங்கும் முரசு அறைந்தது.

"விருந்துக்கு என்ன பிடிப்பது என்று அரசர் படம் பார்த்து முடிவு செய்யப் போகிறார். அவர் மனம் வைக்கும் படத்தை எடுத்தவரே இனி அரசவைப் படக்காரர். அவருக்கு ஆயுள் முழுவதும் அரண்மனைச் சாப்பாடு."

நரிக்குத் தரையில் கால் பாவவில்லை. விடியுமுன்பே அரண்மனை வாசலில் போய் நின்றுகொண்டது. "கிடங்கில் எதைக் கேட்டாலும் மேலே இருப்பது நான்தான்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. என்ன கேட்பார்கள் என்று மட்டும் அது யோசிக்கவில்லை.

சிங்கம் கண் விழித்ததும், "கொழுத்த இளங்கறி" என்றது. படங்களோடு அரண்மனைக்கு வந்திருந்த ஆமை ஒரு சுருளைக் கொடுத்தது. சிங்கம் பிரித்துப் பார்த்தது. திருப்பிப் பார்த்தது. பிறகு சீட்டைப் படித்தது.

"இந்தப் படம் யாருடையது?"

"அடியேனுடையது, அரசே" என்று நரி முன்னால் வந்து வளைந்து நின்றது.

"படத்தில் இருப்பது?"

"அதுவும் அடியேன்தான்."

"கீழே இருக்கும் கால்தடம்?"

"சாட்சாத் என்னுடையதேதான், அரசே."

சிங்கம் சீட்டைச் சத்தமாகப் படித்தது. நரியின் வால் மெல்லக் கால்களுக்கு நடுவில் போயிற்று.

"அரசே, அது சும்மா எழுதியது. நான் கிழடு. வெறும் எலும்பும் தோலும்தான்."

"அப்படியானால் பொய்க் கால்தடமா? கரடி தேன் என்று நம்பியபோது இதைச் சொல்லவில்லையே. குருவி மல்லிகை என்று நம்பியபோதும் சொல்லவில்லையே."

"அரசே, அதெல்லாம் வியாபாரம்..."

"சரி, உண்மையா பொய்யா என்று எதற்கு வாதம்? கடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்றது சிங்கம். "பட்டம் உனக்குத்தான். ஆயுள் முழுவதும் அரண்மனைச் சாப்பாடு என்றேன். இனி உன் ஆயுள் முழுவதும் நீ அரண்மனைச் சாப்பாடுதான். காலையில் நரி முகத்தில் விழித்தேன், நல்ல நாளாகத்தான் இருக்கிறது."

ஆயுள் அதிக நேரம் நீடிக்கவில்லை.

விருந்து முடிந்ததும் சிங்கம் தேவாங்கைக் கூப்பிட்டு, நினைவுக்கு ஒரு படம் எடுக்கச் சொன்னது. தேவாங்கு கண்ணாடியைத் துடைத்தது. வெயில் சற்றுத் தாழும்வரை பொறுத்திருந்தது. ஓரமாக இலையும் எலும்பும் தெரிய, எழுதுவதற்கு இடம் விட்டு, நேராக ஒரு படம் எடுத்தது.

கிடங்கில் ஆமை கேட்டது: "என்ன பெயர் எழுதப்போகிறாய்?"

"இலை, எலும்பு, விருந்து."

"நரி என்று எழுத வேண்டாமா?"

தேவாங்கு படத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தது. "படத்தில் நரி இல்லையே" என்றது.

நீதி: உனக்கில்லாத பெயரையெல்லாம் சூட்டிக்கொண்டால், ஒரு நாள் அதில் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிடுவார்கள்.