சும்மா உட்கார்ந்திருந்த கீரி

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், ஆற்றுத்துறையை ஒட்டி, வீரபத்திரன் என்ற கரடி சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தி வந்தது. கூழும் அவித்த கிழங்கும் தேனில் ஊறிய பலாச்சுளையும் அங்கே கிடைக்கும். திறமைசாலிகளை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று அந்தக் கரடிக்கு ஒரு நம்பிக்கை. அது ஒருமுறைகூடப் பலித்ததில்லை. ஆனாலும் நம்பிக்கை குறையவில்லை.

கடைக்கு ஆள் தேவைப்பட்டபோது ஒரு கீரியும் ஒரு குரங்கும் வேலை கேட்டு வந்தன.

கீரியின் பெயர் அஞ்சலை. என்ன வேலை தெரியும் என்று கரடி கேட்டது. "முதலில் அடுப்படியைப் பார்த்துவிட்டு வருகிறேன், முதலாளி" என்று கீரி உள்ளே போய்விட்டது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போகிறதே என்று கரடிக்கு முகம் சுண்டியது.

குரங்கின் பெயர் தங்கப்பன். அதே கேள்விக்கு அது கைகட்டி நின்று, "எனக்குத் தெரியாத வேலை என்று ஒன்று இனிமேல்தான் பிறக்க வேண்டும், முதலாளி" என்றது. கரடிக்கு உள்ளம் குளிர்ந்துபோனது.

இரண்டையும் வேலைக்கு வைத்துக்கொண்டது.

அஞ்சலை விடியும் முன்பே வந்துவிடும். ஈர விறகைப் பிரித்து ஒதுக்கும். பானைகளைத் தட்டிப் பார்த்து, விரிசல் கண்டதைத் தள்ளி வைக்கும். தண்ணீர் மொண்டு நிரப்பும். கரடி கொட்டாவி விட்டபடி எழுந்து வரும்போது எல்லாம் முடிந்து, கீரி ஓரமாக உட்கார்ந்து வாலைக் கோதிக்கொண்டிருக்கும். கூழ் அடிபிடிக்கவில்லை, கிழங்கு குழையவில்லை, வந்தவர்கள் வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போனார்கள். எல்லாம் தன் ராசி என்று கரடி நினைத்துக்கொண்டது.

தங்கப்பன் வேறு மாதிரி. அடுப்பில் விறகைத் திணித்துவிட்டு மரத்தில் ஏறி ஊஞ்சலாடும். கூழ் பொங்கி வழியும்போது மேலிருந்து பாய்ந்து, எல்லோரையும் விலகச் சொல்லிக் கத்திக்கொண்டே பானையை இறக்கும். பாதிக் கூழ் அடுப்புக்குப் போகும். மீதியைக் காப்பாற்றிய பெருமை தங்கப்பனுக்கு வரும். ஒருநாள் கூரையே தீப்பற்றியது. பற்றவைத்தது தங்கப்பன் எறிந்த கொள்ளிக்கட்டை; அணைத்ததும் தங்கப்பன்தான். கொள்ளிக்கட்டையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. அணைத்த கைகளுக்குக் கரடி தானே தேன் தடவிவிட்டது.

அந்தச் சமயத்தில் யானைக் கூட்டத்தில் ஒரு கல்யாணம் கூடியது. விருந்து கரடியின் கடையில் என்று பேசி முடித்தார்கள். நன்றாக நடந்தால் காடு முழுக்கக் கடைக்குப் பேர். நடக்காவிட்டால், பசித்த யானைகளுக்கு யார் பதில் சொல்வது?

கரடி ஆழ்ந்து யோசித்தது. யோசித்து முடித்ததும் அஞ்சலையைக் கூப்பிட்டது.

"கல்யாண வேலைக்கு ஓடியாடுகிற ஆள் வேண்டும். நீ எப்போது பார்த்தாலும் சும்மாவே உட்கார்ந்திருக்கிறாய்."

"வேலை முடிந்துவிடுகிறது, முதலாளி. அதனால்தான் உட்காருகிறேன்."

"தங்கப்பனைப் பார். அவனுக்கு வேலை முடிவதே இல்லை."

கீரி அடுப்படியை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தது. பிறகு, பெரிய பானையில் விரிசல் இருக்கிறது, அதை அடுப்பில் ஏற்றவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆற்றைக் கடந்து போனது. அக்கரையில் வேலம்மாள் என்ற ஆமை ஒரு கிழங்குக் கடை வைத்திருந்தது. அது அஞ்சலையிடம் எதுவும் கேட்கவில்லை. அடுப்படியைக் காட்டிவிட்டு, மாலையில் கிழங்கைத் தின்று பார்த்தது. அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது.

கல்யாண நாள் வந்தது. விறகெல்லாம் ஈரம், கடை முழுக்கப் புகை. பெரிய விருந்துக்குப் பெரிய பானைதானே என்று கரடி அதையே ஏற்றச் சொல்லியிருந்தது. பானை இரண்டாகப் பிளந்து, கூழ் ஆற்றைப் பார்த்து ஓடியது. தங்கப்பன் பாய்ந்தது, தாவியது, தொண்டை கிழியக் கத்தியது. அன்றைக்கு அது உழைத்த மாதிரி அந்தக் காட்டில் யாரும் உழைத்ததில்லை. சாப்பாடு மட்டும்தான் இல்லை.

யானைக் கூட்டத்தின் தலைவி வந்து, பந்தி எப்போது என்று கேட்டது.

"இதோ, பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்றது கரடி.

தலைவி பையனைப் பார்த்தது. அக்கரையிலிருந்து வெந்த கிழங்கின் மணம் வந்தது. யானைகள் அந்தப் பக்கம் கிளம்பின. கடை வழியில் இருந்ததால், கடை வழியாகவே போயின.

புழுதி அடங்கியபோது கூரையும் இல்லை, சுவரும் இல்லை. இடிபாடுகளுக்குள் புகுந்த தங்கப்பன், ஒரே ஒரு தேன்சட்டியைக் கட்டிப்பிடித்தபடி மூச்சிரைக்க வெளியே வந்தது.

கரடிக்குக் கண் கலங்கியது. "நல்லவேளை, தங்கப்பா" என்றது. "இன்றைக்கு நீ மட்டும் இல்லாமல் இருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும்?"

நீதி: வேலை தெரிந்தவர் கையில் வேலை சத்தம் போடாது, சத்தத்தைப் பார்த்து ஆள் வைப்பவருக்குச் சத்தம்தான் மிஞ்சும்.