சாய்வு இருக்கையின் ஐந்தாவது பல்

அந்தக் காலத்தில், தண்டவாளம் என்ற ஒன்றை யாரும் கனவில்கூடக் கண்டிராத காலத்தில், காட்டிலிருந்த எல்லா உயிர்களும் வாய் திறந்து பேசின. வெளியூர் போகவேண்டுமென்றால் ரயிலும் ஏறின. ரயில் என்றால் வேறு யார், மரவட்டைதான். இன்றைக்குச் சுண்டுவிரல் நீளத்துக்குச் சுருங்கிப்போய், குழந்தைகள் ரயில் பூச்சி என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஊர்ந்து போகிறதே, அதே மரவட்டை. அன்றைக்கு அதற்கு முப்பது கணு. ஒவ்வொரு கணுவும் ஒரு கட்டைவண்டி அகலம். கோடையில் செம்மணல் தேரிக்காட்டில் தண்ணீர் வற்றிவிட்டால், எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பொதிகை மலைச் சுனைக்குக் கிளம்பும். காலையில் ஏறினால் பொழுது சாய இறங்கலாம்.

கணுவுக்கு ஒரு பலகை இருக்கை. அவற்றையெல்லாம் செய்தவன் தச்சன். மரங்கொத்தி என்று இப்போது நாம் சொல்லும் பறவைக்கு அன்று அந்தப் பெயர் கிடையாது. அவன் மரத்தைக் கொத்தியதே இல்லை. அலகை அரம்போல் வைத்து இழைப்பான். பக்கத்துக் கிளையில் தூங்குகிறவர் புரண்டு படுப்பதற்குள் ஒரு பலகையை அறுத்து முடித்துவிடுவான், சத்தமே வராது. அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. பெருமைப்படட்டும், தப்பில்லை. கொஞ்சம் கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பெருமைப்பட்டிருக்கலாம்.

அந்த இருக்கைகளின் முதுகுப்பலகை நட்டுவைத்த எல்லைக்கல்லாக நிற்கும். பகல் முழுக்க அதில் உட்கார்ந்து போனவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். ஒரு கோடையில் கரடி மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"மருமவனே, இது இருக்கையா, தண்டனையா? இந்த வருசம் சாஞ்சுக்கிட்டுப் போற மாதிரி ஏதாவது பண்ணு. இல்லன்னா நான் நடந்தே போயிருதேன்."

"நீங்க நடந்தா என் பொழப்பு சிரிப்பா சிரிச்சிரும் மாமா. பத்து நாள் குடுங்க" என்றான் தச்சன்.

ஒன்பது நாள் ஒன்றும் ஓடவில்லை. பத்தாவது நாள் ஒரு வேப்பமரத்தில் ஒட்டிக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், இத்தனை நேரம் தன்னைத் தாங்கிக்கொண்டிருப்பது தன் வால் என்பது அவனுக்கு உறைத்தது. வாலை மரத்தில் ஊன்றி, அதன்மேல் உடம்பைச் சாய்த்து, சுகமாக உட்கார்ந்திருக்கிறோம். வாலைக் கொஞ்சம் மேலே ஊன்றினால் நிமிர்கிறோம், கீழே ஊன்றினால் சாய்கிறோம். இதற்குமேல் என்ன வேண்டும்? ஓடினான். முதுகுப்பலகைக்குப் பின்னால் ஒரு முட்டுக்கம்பு வைத்தான். கம்பு வந்து உட்காரக் கீழ்ச்சட்டத்தில் ஐந்து பல் வெட்டினான். முதல் பல்லில் கம்பை மாட்டினால் இருக்கை லேசாகச் சாயும். ஐந்தாவது பல்லில் மாட்டினால் கட்டில்தான்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் தச்சனுக்கு முன்னால் மரம், பின்னால் வெறும் காற்று. பிறந்ததிலிருந்து அவன் அப்படித்தான் சாய்ந்திருக்கிறான். ஆகவே புது இருக்கையைத் தேரி மணலில் தன்னந்தனியாகப் போட்டு, அதில் தானே உட்கார்ந்து, ஐந்து பல்லையும் சோதித்துப் பார்த்தான். பின்னால் இன்னொரு இருக்கையைப் போட்டு அதில் ஒருவரை உட்காரவைத்துப் பார்ப்போம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நல்ல வேலைக்காரன்தான், ஆனால் பாதி இருக்கையைத்தான் சோதித்திருந்தான்.

புறப்படும் நாள் வந்தது. புது இருக்கையை எட்டாவது கணுவில் பூட்டினார்கள். கரடி மாமா மாப்பிள்ளைபோல் வந்து உட்கார்ந்தார். எல்லாரும் ஏறிய பிறகு, மெல்ல மெல்ல நடந்து கடைசியாக வந்து சேர்ந்தவள் தேவாங்கு. அன்றைய தேவாங்கு முயல் அளவுக்குக் கொழுகொழுவென்று, சின்னக் கண்ணோடு இருப்பாள். பிறந்து மூன்று நாளே ஆன குட்டி அவள் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பேசுவதே பாதி காதில் விழாது.

"அண்ணாச்சி, பகல் வெளிச்சம் எனக்குக் கண்ணு கூசும். பச்சப்புள்ள வேற. நெழலா ஒரு எடம் இருந்தா நாங்க பாட்டுக்குத் தூங்கிக்கிட்டே வந்துருவோம்."

தச்சன் இரக்கக்காரன். "மாமாவுக்குப் பின்னால ஏறிக்கிடுங்க தங்கச்சி. அந்த முதுகை விடப் பெரிய நெழலு இந்தக் காட்டுல ஏது?" என்று அவனே கைகொடுத்து ஒன்பதாவது கணுவில் ஏற்றிவிட்டான். அவள் குட்டியை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டு படுத்தாள். தலை எது கால் எது என்று தெரியவில்லை.

மரவட்டை தலையைத் திருப்பிச் சொன்னது: "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நடுவழியில தேன்பாறை இருக்கு. தலைக்கு மேல நூறு தேனடை தொங்குது. போன வருசம் ஒரு பன்னி தும்முனதுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்லா? பாறையைத் தாண்டுற மட்டும் ஒரு சத்தம் வரப்படாது."

எல்லாருக்கும் தெரியும். அந்தப் பன்றியைப் பாறைக்கடியிலேயே புதைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

வண்டி கிளம்பியது. தச்சன் புது இருக்கையின் ஓரத்தில் நின்றுகொண்டு, போகப்போக ஒவ்வொரு பல்லாகக் கம்பை மாட்டினான். முதல் பல்லில் கரடி மாமா "ம்" என்றார். இரண்டாவது பல்லில் "அடடே" என்றார். மூன்றாவதுக்கு முன்கணுக்களில் இருந்த முயலும் கீரியும் உடும்பும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தன. தச்சனுக்குக் கால் தரையில் இல்லை.

"கடைசிப் பல்லு வரைக்கும் போவுமா மருமவனே?"

"என்ன மாமா, இப்படிக் கேட்டுட்டிய! போவாமலா?"

பின்னால் திரும்பிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவன் பார்த்தது முன்னால் நின்ற கூட்டத்தை. அலகால் கம்பைக் கவ்வி ஒரே இழுப்பு, கம்பு ஐந்தாவது பல்லில் போய் விழுந்தது. முதுகுப்பலகை மல்லாந்தது. கரடி மாமா கையைக் காலை நீட்டி, ஒரு பெருமூச்சு விட்டு, அப்படியே தூங்கிப்போனார். கூட்டம் ஆரவாரிக்க வாயைத் திறந்த நேரம், வெளிச்சம் மங்கியது. வண்டி தேன்பாறைக்குக் கீழே நுழைந்துவிட்டது. திறந்த வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன.

அந்த அமைதியில் தச்சன் அடுத்து எந்த இருக்கையை இப்படி மாற்றலாம் என்று பின்பக்கம் பார்த்தான். ஒன்பதாவது கணுவில் இருக்கை தெரியவில்லை. கரடியைச் சுமந்த பலகைதான் பெட்டிக்கு மூடிபோட்டதுபோல் அதன்மேல் படுத்திருந்தது.

தங்கச்சி என்று கூப்பிட்டு, கைகொடுத்து, அங்கே ஏற்றிவிட்டதே அவன்தான்.

கம்பை இழுத்துப் பார்த்தான். அத்தனை கனமும் அதன்மேல் இறங்கியிருந்ததால் மயிரிழைகூட நகரவில்லை. பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தான், அலகு நுழைய இடுக்கு இல்லை. கரடி மாமாவை எழுப்பலாமா? தூக்கத்தில் தொட்டால் கரடி முதலில் உறுமும், பிறகுதான் கண்ணைத் திறக்கும். மேலே பாறை முழுக்கக் கருகருவென்று அடைகள். ஓர் உறுமல் போதும். பாறையைத் தாண்ட இன்னும் ஒரு நாழிகை ஆகும், அதுவரை மூன்று நாள் குட்டிக்கு மூச்சு தாங்குமா?

பலகையில் ஓட்டை போட வேண்டும். ஆனால் எந்த இடத்தில்? அடியில் அவள் எந்தப் பக்கம் கிடக்கிறாள் என்று தெரியாமல் அலகை இறக்கினால் குட்டியின்மேலேயே இறங்கிவிடும். கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. தச்சன் பலகையின் மேல்மூலையில் அலகின் நுனியால் ஒரு தட்டுத் தட்டினான். டொக். தலையைச் சாய்த்துக் காதை வைத்தான். ஒன்றும் இல்லை. மேல்விளிம்பின் நடுவில் தட்டினான். டொக். ஒன்றும் இல்லை.

மேலே ஓர் அடையின்மேல் அலைபோல ஒரு நெளிவு ஓடியது. கீரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியது.

இடது ஓரத்தில் மூன்றாவது தட்டு. டொக். காதை வைத்தான். உள்ளிருந்து நகத்தால் பிராண்டும் சத்தம். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

உயிரோடு இருக்கிறாள்!

அங்கிருந்து ஒரு சாண் தள்ளி இழைக்கத் தொடங்கினான். சத்தமில்லாத, அவன் பெருமைப்பட்ட அந்த இழைப்பு. பத்து இழுப்புக்கு ஒரு நூல் ஆழம்தான் இறங்கியது. பலகை நாலு விரல் கனம். அவனே தேர்ந்தெடுத்த வைரம் பாய்ந்த மரம். மறுபடி காதை வைத்தான். பிராண்டல் நின்றுபோயிருந்தது.

இப்படியே போனால் இரண்டு உயிர் போகும். சத்தம் போட்டால் எல்லார் உயிரும் போகலாம். இங்கே யாரைக் கேட்பது, யார் சொல்லுவார்? தச்சன் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தான். ஓங்கிக் கொத்தினான்.

டொக் டொக் டொக் டொக் டொக்.

பாறை எதிரொலித்தது. "அடப்பாவி, நிறுத்துலே!" என்றது மரவட்டை பல்லைக் கடித்துக்கொண்டு. அவன் நிறுத்தவில்லை. சிராய் பறந்தது. மேலே அடைகள் ஒவ்வொன்றாக உதிர்வதுபோல் தேனீக்கள் இறங்கத் தொடங்கின. முதல் கொடுக்கு அவன் உச்சந்தலையில் பாய்ந்தது. கொத்தினான். இரண்டாவது, மூன்றாவது. கொத்தினான். பலகை திறந்துகொண்டது. ஓட்டை வழியாக ஒரு சின்னக் கை வந்தது. பின்னாலேயே ஈரமும் நடுக்கமுமாகக் குட்டி வந்தது. தாய் அதை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள். தச்சன் அதைத் தன் இறக்கைக்கடியில் இழுத்து மூடிக்கொண்டான்.

அதற்குள் ஈக்கள் கரடி மாமாவின் மூக்கைக் கண்டுபிடித்துவிட்டன. பாறை அதிர அலறிக்கொண்டு அவர் துள்ளி எழுந்தார். கனம் விலகியதும் பலகை தூக்கிக்கொண்டது. மரவட்டையோ இனி ஓடிப் பயனில்லை என்று கண்டு, அத்தனை பேரையும் உள்ளே வைத்துத் தன் முப்பது கணுவையும் வட்டமாகச் சுருட்டி இறுக்கிக்கொண்டது. ஈக்கள் அதன் ஓட்டின்மேல் கொட்டிக் கொட்டிக் கொடுக்கு ஒடிந்து, அலுத்துத் திரும்பின. விரலால் தொட்டால் அது சுருண்டுகொள்ளும் பழக்கம் அங்கே வந்ததுதான்.

சுனைக்கரையில் தேவாங்கை இறக்கினார்கள். குட்டிக்கு ஒரு கீறல் இல்லை. அதன்மேல் கனம் இறங்காமல் அவள் கையையும் காலையும் ஊன்றி, தன் முதுகில் அத்தனையையும் தாங்கியிருக்கிறாள். கொழுகொழு உடம்பு நசுங்கிக் குச்சியாகியிருந்தது. நெருக்கிய நெருக்கில் சின்னக் கண்கள் இரண்டும் பிதுங்கி, முகம் முழுக்கக் கண்ணாக நின்றன. அவை பிறகு உள்ளே போகவே இல்லை. ஒல்லியாக ஒருவரைக் கண்டால் 'தேவாங்கு' என்று வாய் கூசாமல் சொல்லிச் சிரிக்கிறோமே, அந்த ஒல்லி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் சிரிப்பு வருமா?

தச்சன் தலை முழுக்க வீங்கிச் சிவந்து அவள்முன் போய் நின்றான்.

அவள் கோபப்படவில்லை. குட்டியைத் தடவிக்கொண்டே, எப்போதும்போல் கிசுகிசுப்பாகக் கேட்டாள்: "நாங்க இருக்கோம்னு உங்களுக்குத் தெரியும்லா அண்ணாச்சி?"

அவனுக்குத் தெரியும். அதுதான் அவனால் தாங்க முடியாமல் போனது.

மறுநாள் காலையில் அந்த இருக்கையை எடுத்துவந்து, பின்னால் இன்னொன்றைப் போட்டு, "தங்கச்சி, கொஞ்சம் உக்காருங்க" என்றான். அவள் பயந்து பயந்து குட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தாள். முதல் பல்லில் கம்பை மாட்டிவிட்டு, பலகையைத் தட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டான். தலையாட்டினாள். இரண்டாவது பல்லில் மறுபடி தட்டிக் கேட்டான். அவள் போதும் என்று கையைத் தூக்கினாள். மிச்சம் மூன்று பல்லையும் தச்சன் அந்த இடத்திலேயே சீவி எறிந்துவிட்டான்.

மூக்கு வீங்கிய கரடி மாமா உட்கார்ந்து பார்த்தார். "அவ்வளவுதானா மருமவனே?"

"அவ்வளவுதான் மாமா."

பிற்பாடு இரும்பு ரயில் வந்தபோதும் அதன் நாற்காலிகள் அந்த அளவோடுதான் நின்றன. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் என்ன குறைந்துவிடும் என்று பொத்தானை அழுத்து அழுத்து என்று அழுத்துகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும்: மிச்சமிருக்கும் அந்த இடம் ஒரு தாயும் பிள்ளையும் மூச்சு விடுகிற இடம்.

தச்சன் அதற்குப் பிறகு சத்தமில்லாமல் ஒரு மரத்தையும் தொட்டதில்லை. அன்று முதல்தான் மரங்கொத்தி எந்த மரத்தில் போய் ஒட்டினாலும் முதலில் டொக் டொக் என்று தட்டுகிறது. தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்து, அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கிறது.